நீலகிரியில் என்ன வாங்குவது, எங்கே வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் எல்லாம் ஒரே மாவட்டம்தானே. எங்கே வாங்கினாலும் ஒன்றுதானா?

இல்லை. ஊட்டி சேரிங்கிராஸ், கமர்சியல் ரோடு பக்கம் இருப்பது சுற்றுலாப் பயணிக்கான கடைவீதி. சாக்லேட், தைலம், தேயிலை, ஸ்வெட்டர் நான்கும் ஒரே கடையில் அடுக்கியிருக்கும். அங்கிருந்து கொஞ்சம் இறங்கினால் நகராட்சி மார்க்கெட். அது ஊர்க்காரர்கள் காய்கறியும் மளிகையும் வாங்கும் இடம். குன்னூர் தேயிலை வியாபாரத்தின் தலைநகரம், ஏல மையமும் அங்கேதான். கோத்தகிரியில் தேன், தேன்மெழுகு, பழங்குடிப் பொருட்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் மிளகு, ஏலக்காய், காப்பி, இஞ்சி. கல்லாறும் பர்லியாறும் மலையடிவார வெப்பத்தில் விளையும் பழங்களுக்கானவை.

எந்தக் கடையில் நின்றாலும் இந்தச் சரக்கு மலையில் விளைந்ததா, மலையேறி வந்ததா என்று முதலில் பாருங்கள். ஏறி வந்த சரக்கைக் கீழே உங்கள் ஊரிலேயே குறைந்த விலைக்கு வாங்கலாம்.

ஏறி வந்த சரக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உணவுப் பாக்கெட் என்றால் தயாரிப்பாளர் முகவரியைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 'ஊட்டி ஸ்பெஷல்' என்று இருக்கும், பின்பக்கம் பொடி எழுத்தில் சமவெளி நகரம் ஒன்றின் பெயர் இருக்கும். கூடவே உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் உரிமத்தின் 14 இலக்க எண், பேக்கிங் தேதி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை நான்கும் இருக்க வேண்டும். வெறும் ஸ்டிக்கர் ஒட்டிய உறையில் இவை இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

கண்ணாலேயே தெரியும் ஓர் அடையாளமும் உண்டு. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு. அதனால் கீழே காற்றடைத்து ஒட்டிய பாக்கெட் மேலே வந்ததும் பலூன் மாதிரி உப்பி நிற்கும். சிப்ஸ் பாக்கெட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். மேலேயே ஒட்டிய பாக்கெட் அப்படி உப்பாது; மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஒடுங்கித்தான் போகும். உள்ளே காற்றே இல்லாமல் இறுக்கிக் கட்டிய உறைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

நல்ல தேயிலை எது? கடைக்காரர் சொல்லும் பெயர்கள் ஒன்றும் புரிவதில்லை.

இரண்டு வகையைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. சி.டி.சி. என்பது இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டிய குருணை. கடுகு போல உருண்டையாக இருக்கும். பால் ஊற்றிக் கொதிக்க வைக்கும் நம் வீட்டு டீக்கு இதுதான் சரி. நீலகிரியில் உற்பத்தியாவதிலும் இதுவே அதிகம். ஆர்த்தடாக்ஸ் என்பது இலையை உருட்டி, முறுக்கி, காயவைத்தது. கறுப்பு நூல் துண்டு போல நீளமாக இருக்கும். வாசனைக்காகக் குடிப்பது, பால் வேண்டாம். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு.

ஆர்த்தடாக்ஸை வாங்கிப்போய்ப் பாலில் கொதிக்கவிட்டுவிட்டு 'ஊட்டி டீயில் ஒன்றும் இல்லை' என்று சொல்கிறவர்கள் ஏராளம். 200 மில்லி தண்ணீருக்கு 2 முதல் 2.5 கிராம், அதாவது ஒரு குவித்த தேக்கரண்டி. தண்ணீர் கொதித்து அடங்கியதும் ஊற்றி, மூடி, 3 நிமிடத்தில் வடிகட்டுங்கள். 5 நிமிடம் விட்டால் துவர்ப்பு ஏறி வாசனை அமுங்கிவிடும். இந்தக் கணக்கில் 250 கிராம் பாக்கெட் நூறு கோப்பைக்கு மேல் வரும். விலையை அப்படி வகுத்துப் பார்த்தால் நல்ல ஆர்த்தடாக்ஸ் அவ்வளவு பயமுறுத்தாது.

அதே வகைக்குள் தரம் என்பது பெரும்பாலும் இலையின் அளவு. ஓ.பி. என்றால் நீள இலை, பி.ஓ.பி. உடைந்த இலை, அதற்கும் சிறியது ஃபேனிங்ஸ், கடைசியில் டஸ்ட். டஸ்ட் என்றதும் கீழே கொட்டிய குப்பை என்று நினைக்க வேண்டாம். சல்லடையில் கடைசியாக விழும் பொடி, அவ்வளவுதான். டீக்கடைக்காரர் தேடி வாங்குவதே அதைத்தான், சீக்கிரம் நிறம் இறங்கும் என்பதால்.

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பறிக்கும் பனிக்காலத் தேயிலை கிடைத்தால் வாங்குங்கள். குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் வாசனை கூடுதல். பேக்கிங் தேதியோடு பறித்த மாதத்தையும் கேளுங்கள். சொல்லத் தெரிந்த கடைக்காரர் சரக்கு தெரிந்தவர்.

சாக்லேட் டீ, ஏலக்காய் டீ, மசாலா டீ?

வாசனையைத் தூவிய டஸ்ட்தான் பெரும்பாலும். ஏலக்காயும் தேயிலையும் தனித்தனியாக வாங்கி வீட்டில் இடித்துப் போட்டுக்கொள்வது மேல்.

தேயிலையில் சாயம் கலந்திருக்கிறதா என்று பார்க்க முடியுமா?

முடியும். ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகைத் தேயிலையை மேலே தூவுங்கள். கலக்காதீர்கள். நல்ல தேயிலை கொஞ்ச நேரம் மிதந்து மெதுவாகத்தான் நிறம் விடும். சாயமேற்றியது விழுந்த கணமே சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ கோடு இழுத்துக்கொண்டு இறங்கும். இன்னொரு வழி: ஈரமாக்கிய வெள்ளை வடிதாளில் தேயிலையைப் பரப்பி, சிறிது நேரம் கழித்து இலையை அகற்றிவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பாருங்கள். கலப்படமென்றால் புள்ளி புள்ளியாகக் கறை ஊறியிருக்கும்.

அரசு, கூட்டுறவுத் தேயிலை எங்கே கிடைக்கும்? தரம் எப்படி?

இரண்டு பெயர்கள் தெரிந்தால் போதும். ஒன்று டான்டீ, தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை தருவதற்காக எழுந்த தோட்டங்கள் இவை. கழகமாக ஆனது 1976-இல், தலைமையகம் குன்னூர். மற்றொன்று இண்ட்கோசர்வ், சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கான இணையம். ரேஷன் கடைகளில் பார்க்கும் 'ஊட்டி டீ' இவர்களுடையது. இரண்டுக்கும் மாவட்டத்தில் விற்பனையகங்கள் உண்டு. அட்டை அழகாக இருக்காது, ஆனால் அன்றாடம் குடிக்கும் சி.டி.சி.க்கு விலைக்கேற்ற சரக்கு. பேரம் பேச வேலையில்லை. பரிசளிக்க ஏற்ற ஆர்த்தடாக்ஸ் வேண்டுமென்றால் குன்னூரில் எஸ்டேட் பெயரோடு விற்கும் கடைகளுக்குப் போவது நல்லது.

டிரைவர் 'தொழிற்சாலை விலை' கடைக்குக் கூட்டிப்போகிறார். போகலாமா?

வேடிக்கை பார்க்கப் போகலாம். வாடவைப்பது, நசுக்குவது, புளிக்கவைப்பது, உலர்த்துவது, சலிப்பது என்று வரிசையாகக் காட்டுவார்கள். குழந்தைகளுக்கு நன்றாக இருக்கும். வெளியே வரும் வழி கடைக்குள்ளேதான் போகும். டிரைவருக்குக் கமிஷன் உண்டு என்றால் அதுவும் உங்கள் பில்லில்தான் இருக்கிறது. முதல் நாள் அங்கே 100 கிராம் மட்டும் வாங்கி, தங்குமிடத்தில் போட்டுக் குடித்துப் பாருங்கள். பிடித்தால் மறுநாள் கிலோ கணக்கில் வாங்கிக்கொள்ளலாம்.

ஹோம்மேட் சாக்லேட் என்றால் உண்மையில் வீட்டில் செய்ததா?

கொக்கோ விதையிலிருந்து யாரும் வீட்டில் செய்வதில்லை. கட்டியாக வரும் சாக்லேட்டை உருக்கி, பருப்பும் உலர்பழமும் கலந்து, அச்சில் ஊற்றிக் குளிரவைப்பதுதான் இந்தத் தொழில். ஊட்டியின் குளிர் இதற்குத் தோதாக அமைந்துவிட்டது. ஆகவே எந்தக் கட்டியை உருக்கினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் தரம். கொக்கோ வெண்ணெய் உள்ளது ஒரு வகை. அதற்குப் பதில் வனஸ்பதி போன்ற தாவரக் கொழுப்பு போட்டது 'காம்பவுண்ட்'. இது மலிவு, கையாளவும் எளிது.

சோதிப்பது சுலபம். ஒரு துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அரை நிமிடம் பிடியுங்கள். கொக்கோ வெண்ணெய் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகும், ஆகவே விரல் வழவழக்கும். காம்பவுண்ட் அசையாது. வாயில் போட்டாலும் கரைந்த பிறகு அண்ணத்தில் மெழுகு பூசினாற்போல் படலம் நிற்கும். லேபிள் இருந்தால் 'ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு' என்ற சொல்லைத் தேடுங்கள். காம்பவுண்ட் கெடுதல் என்று சொல்லவில்லை. அதை அசல் சாக்லேட் விலைக்கு வாங்காதீர்கள் என்கிறோம்.

கீழே போவதற்குள் உருகிவிடுகிறதே?

மேட்டுப்பாளையம் வெயிலில் மூடிய காரின் டிக்கி அடுப்பு மாதிரி. ஊருக்குக் கிளம்பும் நாளில் வாங்கி, ஸ்வெட்டரால் சுற்றி, ஏசி ஓடும் பக்கம் காலடியில் வையுங்கள். வீட்டுக்குப் போனதும் அப்படியே ஃபிரிட்ஜில் திணித்தால் ஈரம் படிந்து சர்க்கரை வெளியே பூக்கும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். எடுக்கும்போதும் டப்பா அறைச் சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள். உருகி மறுபடி இறுகியதில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சை அல்ல, மேலே வந்து உறைந்த கொழுப்பு. சாப்பிடலாம், பளபளப்புத்தான் போயிருக்கும்.

யூகலிப்டஸ் தைலம் அசலா என்று எப்படிப் பார்ப்பது?

வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் காயவிடுங்கள். அசல் தைலம் ஆவியாகிப்போகும், தாளில் எண்ணெய்ப் பிசுக்கு நிற்காது. சமையல் எண்ணெயோ கனிம எண்ணெயோ கலந்திருந்தால் வட்டமாகக் கறை இருக்கும். டர்பன்டைன் கலந்தது இந்தச் சோதனையில் தப்பிவிடும், அதுவும் ஆவியாகும் சரக்கு. மூக்கில் பெயின்ட் வாசனை அடித்தால் சந்தேகப்படுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் வாங்குங்கள், இந்தத் தைலம் சில பிளாஸ்டிக்குகளை அரிக்கும். மூடியைச் செலோடேப்பால் சுற்றி நிமிர்த்தி வையுங்கள். விமானத்தில் போகிறவர்கள் முதலில் விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது. இது தீப்பற்றும் திரவம்.

அதோடு விண்டர்கிரீன் எண்ணெயும் கொடுக்கிறார்கள். மூட்டுவலிக்கு நல்லதாமே?

வலித் தைலங்களில் வரும் அந்த நெடியே இதுதான். இதன் சாரம் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுக்காரப் பொருள். இதே பொருளைத் தொழிற்சாலையிலும் மலிவாகச் செய்கிறார்கள். மூக்கால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. 'காட்டு இலையில் வடித்தது' என்பதற்காக இரட்டை விலை கொடுக்க வேண்டாம்.

கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியது: ஒரு தேக்கரண்டி குடித்துவிட்டால்கூடச் சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. எட்டாத இடத்தில் வையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தேய்க்கக் கூடாது. யூகலிப்டஸும் குடிக்கும் பொருளல்ல. கைக்குழந்தையின் மூக்கிலும் முகத்திலும் தடவக் கூடாது.

தோடர் எம்பிராய்டரி என்று எல்லாக் கடையிலும் தொங்குகிறது. அசல் எது?

நீலகிரிப் பழங்குடியினரான தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் போடும் வேலை இது. அவர்கள் போர்த்தும் சால்வைக்குப் பூத்குளி என்று பெயர். துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டகம் கிடையாது, பென்சிலால் வரைந்துகொள்வதும் கிடையாது. துணியின் இழையை எண்ணி எண்ணி ஊசி கோப்பார்கள். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

துணியைக் கையில் வாங்கித் திருப்புங்கள். அச்சடித்த போலியில் பின்பக்கம் வெறும் நிறக்கசிவு. இயந்திர எம்பிராய்டரியில் பின்பக்கம் மெல்லிய வெள்ளை நூல் ஒரே சீராக ஓடும், சில நேரம் ஒட்டுத்தாளும் இருக்கும். அசலில் இருபுறமும் அதே கம்பளி நூல். ஒருபுறம் வழுவழு, மறுபுறம் விரலில் மேடு தட்டும். அந்த மேடான பக்கத்தைத்தான் தோடர்கள் மேல்பக்கமாக வைப்பார்கள், வாங்குகிறவர்கள் திருப்பிப் போர்த்திக்கொள்கிறார்கள். இரண்டு கட்டங்களை அருகருகே வைத்து எண்ணினால் ஓரிழை முன்பின் இருக்கும். கைவேலைக்கு அதுதான் முத்திரை.

முழுச் சால்வை வாரக்கணக்கான வேலை. சில நூறு ரூபாய்க்குத் தருகிறேன் என்றால் அது சால்வையே அல்ல. கையில் காசு குறைவென்றால் அசல் வேலைப்பாடுள்ள சிறிய பர்ஸ் வாங்குங்கள். முதல் முறை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

பழங்குடிப் பொருட்களுக்கு நம்பகமான கடைகள் எவை?

கோத்தகிரியை மையமாகக் கொண்ட கீஸ்டோன் அறக்கட்டளையின் தொடர்ச்சியான லாஸ்ட் ஃபாரஸ்ட் நடத்தும் கிரீன் ஷாப்புகள் ஒரு வழி. தேன், தேன்மெழுகு, சோப்பு, எம்பிராய்டரி எல்லாம் யார் சேகரித்தது, யார் செய்தது என்ற விவரத்தோடு கிடைக்கும். தோடர் கிராமங்களான மந்துகளுக்குப் போய் நேரில் வாங்குவதும் உண்டு. போவதானால் அழைப்பில்லாமல் வீட்டுக்குள்ளும் கோயில் பக்கமும் நுழையாதீர்கள், கேட்காமல் படமெடுக்காதீர்கள், ஊசிவேலைக்குப் பேரம் பேசாதீர்கள்.

வழியோரத்தில் தேனடையோடு விற்கும் தேன்?

வாளியில் அடை மிதப்பதைப் பார்த்து நம்ப வேண்டாம். வெல்லப்பாகிலும் அடை மிதக்கும். தண்ணீரில் விட்டால் கரையாமல் இறங்கும், தீக்குச்சியில் தொட்டால் எரியும், நாய் நக்காது என்ற சோதனைகள் எதுவும் செல்லாது. கெட்டிப் பாகும் அப்படித்தான் இறங்கும்.

மலைத்தேனின் இயல்பைத் தெரிந்துகொண்டால் உதவும். பெரிய மலைத்தேனீ பாறையிலும் உயர மரத்திலும் கட்டும் கூட்டிலிருந்து குறும்பரும் இருளரும் எடுப்பது இது. ஈரப்பதம் கூடுதல், அதனால் பாட்டில் தேனைவிட நீர்த்திருக்கும். மூடியைத் திறந்தால் லேசாக நுரை கட்டும், சில நாளில் புளிப்பேறவும் கூடும். பாட்டிலை முக்கால் அளவுக்கு நிரப்பி, குளிர்ந்த இடத்தில் வைத்து, வாங்கிய சில மாதங்களுக்குள் தீர்த்துவிடுங்கள். அடியில் சர்க்கரை போல் உறைந்தால் கலப்படம் என்று பொருளல்ல. வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை வைத்தால் இளகும், அடுப்பில் ஏற்ற வேண்டாம். நாவல் பூக்கும் பருவத்தில் எடுத்ததில் ஒரு கசப்பு இருக்கும். அது குறையல்ல, கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு.

காய்கறி வாங்கி வருவது லாபமா?

ஊட்டி மார்க்கெட்டில் கேரட், பீட்ரூட், டர்னிப், நூல்கோல், புரோக்கோலி எல்லாம் அன்று பறித்ததாகவே கிடைக்கும். பளபளவென்று கழுவிய கேரட் பார்க்கத்தான் அழகு. இயந்திரத்தில் தோல் உரசியதால் இரண்டு மூன்று நாளில் வழவழப்புத் தட்டும். தூரப் பயணமென்றால் மண்ணோடு இருப்பதைக் கேளுங்கள். தழையை ஒடித்துவிடுங்கள், அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சும். உருளைக்கிழங்கின் தோலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். உரிந்து வந்தால் புதுக்கிழங்கு, சுவை நன்று, சேமிக்க ஆகாது. பச்சை படர்ந்ததை எடுக்காதீர்கள். மேட்டுப்பாளையம் மண்டியில் விலை குறைவுதான், ஆனால் அங்கே பேச்சு மூட்டைக் கணக்கில்.

பர்லியாறு பழக்கடைகள்?

மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில், மலையேற்றத்தின் நடுவில். மங்குஸ்தான் சீசன் மழைக்காலத்தில். ஓடு கட்டைவிரலுக்குக் கொஞ்சம் அமுங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் உள்ளே கெட்டிருக்கும். அடியில் உள்ள பூ வடிவத்தின் இதழ்களை எண்ணுங்கள், உள்ளே அத்தனை சுளை. ஓட்டின் சாறு துணியில் பட்டால் போகாது. துரியானின் நெடி கடுமையானது, வாங்குவதானால் வாடகைக் காரின் டிரைவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். அந்தப் பழம் பிள்ளைப்பேறு தரும் என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள், அதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது.

ஜாம், ஸ்குவாஷ், ஊறுகாய்க்குக் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் தோட்டக்கலைத் துறையின் பழம் பதனிடும் நிலையம் இருக்கிறது.

வர்க்கி எத்தனை நாள் தாங்கும்?

வர்க்கி என்பது ஊட்டி பேக்கரிகளின் அடுக்கு பிஸ்கட். விறகடுப்பில் சுட்ட நல்ல வர்க்கி காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். பேக்கரியில் அன்று சுட்டதா என்று கேட்டு, ஒன்றை உடைத்துப் பாருங்கள். அடுக்கடுக்காகப் பிரிய வேண்டும், நாக்கில் காறல் இருக்கக் கூடாது. காறினால் கொழுப்பு பழையது. பையின் மேல்தட்டில் வைத்துக் கொண்டுபோங்கள்.

ஸ்வெட்டர்?

தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர் கடைகள். குளிருக்கு உடனே ஒன்று தேவையென்றால் நல்ல இடம், பேரமும் படியும். ஆனால் சரக்கு பெரும்பாலும் லூதியானாவிலிருந்து வருவது, நீலகிரிக் கம்பளி அல்ல. லேபிளில் அக்ரிலிக்கா, கம்பளியா என்று பாருங்கள். வீட்டில் ஒரு நூலைக் கொளுத்தினால் கம்பளி முடி கருகும் நெடியோடு பொடியாகும், அக்ரிலிக் உருகிக் கடினமான மணியாகும்.

பிளாஸ்டிக் பையோடு போனால் பிரச்சினையா?

ஆம், அபராதம் உண்டு. கைப்பை மட்டுமல்ல, ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கும் மாவட்டத்தில் தடை. கடைக்காரர் பை தர மாட்டார். ஆளுக்கு இரண்டு மஞ்சப்பை, காய்கறிக்கு ஒரு சணல் பை, ஸ்டீல் பாட்டில், கண்ணாடிப் பாட்டில்களைச் சுற்றப் பழைய செய்தித்தாள் கொண்டுவாருங்கள். வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறையும் இருக்கிறது. கிளம்புமுன் எடுத்துவிடுங்கள்.

எந்த வரிசையில் வாங்குவது?

மே சீசனில் வழக்கமாகக் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவார்கள். அப்படியானால் பர்லியாறு ஏறும்போதே வந்துவிடும். அன்று சாப்பிடும் அளவுக்கு மட்டும் பழம் வாங்குங்கள். குன்னூரில் தேயிலை. ஊட்டியில் முதல் நாள் துணியும் தைலமும், கடைசி நாள் காலையில் காய்கறி, சாக்லேட், வர்க்கி. இறங்கும் வழியில் கோத்தகிரியில் தேன்.

மைசூர் பக்கம் போகிறவர்கள் கூடலூரில் மிளகு வாங்கலாம். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள், நல்ல மிளகு மூழ்கும். பதரும் பப்பாளி விதையும் மிதக்கும். ஆனால் அங்கே நேரம் போக்காதீர்கள். முதுமலை, பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும்.

வாங்கவே கூடாதது ஏதாவது?

மான் கொம்பு, முள்ளம்பன்றி முள், புலிநகம் என்று யாராவது ரகசியமாக நீட்டினால் நகர்ந்துவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வாங்குகிறவரும் குற்றவாளி. போலி என்றால் பணம் போச்சு, அசல் என்றால் ஜெயில்.

ஏமாந்தால் யாரிடம் சொல்வது?

பில் இல்லாமல் எதுவும் நடக்காது, முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினாலோ எடை குறைந்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உணவுக் கலப்படம் என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை. பாக்கெட்டைப் பிரித்துத் தீர்த்துவிடாமல் உறையோடும் மீதிச் சரக்கோடும் வைத்திருங்கள்.